ஹேம்குண்ட் போக செப்டம்பர்தான் சரி

உத்தராகண்டில் 4,000 மீட்டருக்கும் மேலே, ஏரிக்கரையில் இருக்கும் சீக்கியர்களின் குருத்வாரா ஹேம்குண்ட் சாஹிப். கோடையில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். லீவுதானே என்று ஜூனில் கிளம்பினால் வழியெல்லாம் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பக்கத்துப் பூக்களின் பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்கும். ஆனா மலை சரிஞ்சா பத்ரிநாத் ரோடே அடைபடும். 2013 ஜூன் வெள்ளம் அடிவாரத்துக் கோவிந்த்காட்டையே சிதைத்தது. மேலே இரவு தங்க முடியாது; காங்கரியாவிலிருந்து 6 கிலோமீட்டர் ஏறி, அன்னைக்கே இறங்கணும். அந்தச் செங்குத்துப் பாதையில் மழையோடு மல்லுக்கட்டுவது பக்தியும் இல்லை, வீரமும் இல்லை. என் ஓட்டு செப்டம்பர் பாதிக்கு மேல். பூ குறைவுதான்; வானம் தெளிஞ்சிருக்கும். ஒரு வாரம் அட்டெண்டன்ஸ் போகும். போகட்டுமே!