பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில், இந்திய ஆடவர் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு வங்கதேசத்திடம் அடைந்த முதல் தோல்வி அது. அதற்கு முன்பே, அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றபோதே, 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு பறிபோயிருந்தது. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த அணி, 2025 நவம்பரில் 142ஆம் இடத்திற்குச் சரிந்தது.

இந்தக் காலத்திற்குள் மூன்று தலைமைப் பயிற்சியாளர்களை அணி கண்டுவிட்டது. குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஸ்பெயினின் மனோலோ மார்க்கேஸ் ஓராண்டு கூட நிறைவடையாமல் 2025 ஜூலையில் விலகினார். அதன்பின் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பயிற்சியாளரின் தலையே முதலில் கேட்கப்படுகிறது. ஆனால், ஆட்கள் மாறியும் நிலைமை மாறவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது என்பதே பொருள்.

பயிற்சியாளரின் பங்கு

பயிற்சியாளர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஸ்டிமாச்சுக்கு ஐந்தாண்டுகள் கிடைத்தன. 2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல் கூட அடிக்காமல் அணி திரும்பியது. அடுத்த இரண்டு மாதங்களில், சொந்த மண்ணான குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றது. யாரைக் களமிறக்குவது, எந்த உத்தியில் ஆடுவது, எப்போது மாற்று வீரரை அனுப்புவது என்பனவெல்லாம் பயிற்சியாளரின் முடிவுகள். அவற்றின் விளைவுகளுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஆட்டங்களின்போது வீரர்களின் பட்டியலை ஸ்டிமாச் ஒரு ஜோதிடருடன் பகிர்ந்து ஆலோசித்தார் என்ற செய்தி 2023இல் வெளிவந்து நாட்டையே நகைக்க வைத்தது. அந்த ஜோதிடருக்குச் சம்மேளனமே பணம் கொடுத்தது என்றும் அச்செய்தி கூறியது. பயிற்சியாளரின் தவறு எங்கே முடிகிறது, நிர்வாகத்தின் தவறு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க இயலாத அளவிற்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

நிர்வாகத்தின் பங்கு

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2023 அக்டோபரில் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. எட்டே மாதங்களில் அவரை நீக்கியது. அடுத்து வந்த மார்க்கேஸ் அதே காலத்தில் கோவா கிளப்பின் பயிற்சியாளராகவும் நீடிக்க அனுமதிக்கப்பட்டார். நூற்று நாற்பது கோடி மக்களின் அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர் தேவையில்லை என்று முடிவெடுத்தவர் மார்க்கேஸ் அல்லர்.

காலித் ஜமீலின் நிலையோ இன்னும் கடினமானது. அவர் பொறுப்பேற்றபோது நாட்டின் முதன்மையான லீக் போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சில கிளப்புகள் வீரர்களின் ஊதியத்தை நிறுத்தின. முன்னணிக் கிளப் ஒன்று தேசிய முகாமிற்கு வீரர்களை அனுப்ப மறுத்தது. இந்த நெருக்கடிக்கிடையிலும், மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் ஓமனை வீழ்த்தி அணி மூன்றாம் இடம் பெற்றது. ஆனால் லீக் ஆட்டங்களே இல்லாத வீரர்களைக் கொண்டு சிங்கப்பூரையும் வங்கதேசத்தையும் வெல்ல ஒரு முகாம் போதவில்லை.

லீக் ஏன் நின்றது? 2010 டிசம்பரில் சம்மேளனம் தனது வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதிலிருந்து 2014இல் ஐ.எஸ்.எல். பிறந்தது. 2019இல் அதுவே நாட்டின் முதல்நிலை லீக்காக்கப்பட்டு, ஐ-லீக் கீழே தள்ளப்பட்டது. அதன் பிறகும் கடைசி இடம் பிடிக்கும் கிளப் கீழ்நிலைக்கு இறங்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு தொடர்ந்தது. முதலீட்டுக்குப் பாதுகாப்பு, போட்டிக்கு விடுமுறை. ஒப்பந்தம் முடிவதற்கு ஐந்து மாதங்கள் இருக்கையில், புதுப்பிப்பதில் தெளிவில்லை என்று கூறி அந்நிறுவனம் லீக்கை நிறுத்தி வைத்தது. பின்னர் சம்மேளனம் விடுத்த டெண்டருக்கு ஒருவர் கூட முன்வரவில்லை. ஒரு நாட்டின் விளையாட்டை ஒரே கார்ப்பரேட் குழுமத்தின் கையில் கொடுத்துவிட்டு, அது கையை விரித்தபோது சம்மேளனத்திடம் மாற்றுத் திட்டம் எதுவும் இருக்கவில்லை.

இந்த லீக்கில் கோல் அடிக்கும் இடங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களே நிரப்புகின்றனர். ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில், 2025 மார்ச்சில், மீண்டும் அழைக்க வேண்டிய நிலை இதனால்தான் வந்தது. பத்து நாள் முகாமில் எந்தப் பயிற்சியாளரும் ஒரு முன்கள வீரரை உருவாக்கிவிட முடியாது. அது பள்ளியிலும் மாவட்டத்திலும் கிளப்பிலும் பல்லாண்டுகள் நடைபெற வேண்டிய வேலை.

யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

பயிற்சியாளர் தோற்றால் பதவி போகிறது. நிர்வாகிகள் தோற்றால்? பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி இருபதாண்டுகள் சம்மேளனத் தலைவராக இருந்தார். அவரை அடுத்து வந்த பிரபுல் படேல், பதவிக்காலம் முடிந்த பின்னும் நீடித்ததால் 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தலையிட்டு அகற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குழப்பத்தில் ஃபிஃபா 2022 ஆகஸ்டில் இந்தியாவைத் தடை செய்தது. தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் வரை சென்றிருந்த கோகுலம் கேரளா வீராங்கனைகள் ஆடாமலே நாடு திரும்பினர்.

முன்னாள் வீரர்கள் 36 பேருக்கு வாக்குரிமை அளிக்கும் திட்டமும் அப்போது கைவிடப்பட்டது. மாநிலச் சங்கங்கள் மட்டுமே வாக்களித்த தேர்தலில், பாஜகவைச் சேர்ந்த முன்னாள் கோல்காப்பாளர் கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. வீரர்களின் வாக்கு இல்லாத நிர்வாகம் வீரர்களுக்கு ஏன் பதில் சொல்லப் போகிறது?

மறந்துபோன அடித்தளம்

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் ஆகியவற்றை வென்ற அணிகளின் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். அவரது திறமை ஈடற்றது. ஆனால் அவருக்குப் பின்னால் காவல்துறை அணிகளும் ராணுவ அணிகளும் ரயில்வே அணிகளும் உயிர்ப்புள்ள மாநில லீக்குகளும் இருந்தன. உழைப்பாளி வீட்டுப் பையனுக்கு அவை ஆடுகளத்தோடு நிரந்தர வேலையையும் கொடுத்தன. ஐ.எம்.விஜயனையும் வி.பி.சத்யனையும் பெற்றிருந்த கேரள போலீஸ் அணி 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது இந்த மரபில்தான்.

அக்காலம் பொற்காலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் முடியாது. 1970க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் பதக்கம் எதுவும் வரவில்லை. அந்தச் சரிவு தனியார்மயத்திற்கு முந்தியது. செய்திருக்க வேண்டியது பொதுத்துறை அணிகளைச் செப்பனிடுவது. செய்ததோ, அவற்றைக் கலைந்துபோக விட்டுவிட்டு, தொலைக்காட்சிக்கு ஏற்ற லீக் ஒன்றை மேலே அமைத்தது.

திறமைக்குப் பஞ்சம் என்ற வாதமும் நிற்காது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியாக ஆசியக் கோப்பைக்குள் முதன்முறையாக நுழைந்தது இந்திய மகளிர் அணி. இந்தியரான கிறிஸ்பின் சேத்ரிதான் அப்போது அதன் பயிற்சியாளராக இருந்தார்.

ஆட்டத்தின் தவறுகளுக்குப் பயிற்சியாளர் பதில் சொல்லட்டும். ஆனால் ஆடுவதற்கு லீக் இல்லை, முகாமிற்கு வீரர் இல்லை, கோல் அடிக்க ஆள் இல்லை என்ற நிலை 2025இல் உருவானதற்கு நிர்வாகமே குற்றவாளி. 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்ற புதிய சட்டவிதிகள் முன்னாள் வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் நிர்வாகத்தில் இடமளிக்கின்றன. அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. வணிக ஒப்பந்தங்கள் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். வீரர்களின் ஊதியத்திற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனங்கள் மீட்கப்பட வேண்டும். இவற்றைச் செய்யாமல் நான்காவது பயிற்சியாளரைத் தேடுவது, கூரை ஒழுகும் வீட்டில் குடியிருப்பவரை மட்டும் மாற்றுவதாகவே முடியும்.