நால்வர் விட்டுச் சென்ற இடம்

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பக்கத்துப் பிலிப்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலிருந்து சிறுமிகள் சிலர் கால்பந்து ஆடப் புறப்பட்டார்கள். தொட்டியத்தை அடுத்த தனியார் கல்லூரியில் போட்டி. ஆட்டம் முடிந்தது. மாயனூருக்குச் சென்றார்கள். காவிரியைக் கண்டார்கள்; இறங்கினார்கள். நால்வர் கரையேறவில்லை.

செய்தி கேட்ட நாளில் நாடே கண்ணீர் வடித்தது. குடும்பத்துக்குத் தலா 2 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. தலைமை ஆசிரியர் உள்ளிட்ட மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அரசாங்கக் கோப்பிலே எழுத முடிந்தது அவ்வளவுதான். ஆனால் பெற்றவள் வயிற்றின் நெருப்பைக் கோப்பு அணைக்குமா? கூட ஆடிய குழந்தை, பக்கத்தில் ஓட வேண்டியவளைக் காணாமல் திகைப்பாளே, அந்தத் திகைப்புக்கு உத்தரவு போட்டு ஆறுதல் தர முடியுமா?

அந்த நால்வரை இன்று நாம் நினைவுகூர்கிறோம். அழுவதற்காக மட்டுமல்ல, அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது என்ன என்று கேட்பதற்காக.

இப்படியொரு சாவு நேர்ந்தவுடன் ஊர்தோறும் ஒரு குரல் கிளம்பும். "பொட்டப் பிள்ளைக்குப் பந்து எதற்கு? வெளியூர் எதற்கு? வீட்டோடு கிட!" என்று அது அதட்டும். அன்பினால் எழும் குரல்தான் அது, மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தைகளைக் கொன்றது பந்தா? மைதானமா? இல்லவே இல்லை. ஆழம் அறியாத ஆறு கொன்றது. நீந்தத் தெரியாமை கொன்றது. காவலற்ற கரை கொன்றது. குற்றம் ஓரிடத்தில் இருக்க, தண்டனையை வேறிடத்தில் தருவது எந்த ஊர் நியாயம்?

கூலிக்காரன் வீட்டுப் பெண், காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியூர் மைதானத்தில் இறங்குவது சின்னக் காரியமா? இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி, 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றாரே! பின்னர் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஓடிய ஓட்டத்தைப் பறிக்க முடிந்ததா? அத்தகைய ஓட்டத்தின் முதல் அடியைத்தான் ஒவ்வொரு கிராமத்துப் பள்ளி மைதானத்திலும் நம் பெண்கள் எடுத்து வைக்கிறார்கள். அதைத் தடுக்க நாம் யார்?

விராலிமலைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. கண்மாய்த் தண்ணீர் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் இழுக்கும். மேலே அமைதியாய்த் தெரியும். அடியிலே மணல் நழுவும். முழங்காலளவுக்கு அடுத்த அடி தலைக்கு மேல் போகும். ஆற்றங்கரையிலே பிறந்தவர்களே ஏமாறும் இடத்தில், கண்மாய்க்கரைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அதே மாயனூரிலிருந்து கால்வாய் வெட்டி, புதுக்கோட்டை வழியாகக் குண்டாறு வரை காவிரியைக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு, 2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டாரத்துக் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் வரட்டும், வரவேண்டும். வருகிற தண்ணீரைப் பயிருக்கு மட்டும் அறிமுகப்படுத்தினால் போதுமா? பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்த வேண்டாமா?

முடியுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில் சொல்லும். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தது. கூடவே சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைத்த பெண்கள், களையெடுத்த பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். சைக்கிள் கற்றுக்கொடுத்த மண் நீச்சல் கற்றுக்கொடுக்காதா? வங்கதேசத்துக் கிராமங்களிலே குளத்துக்குள் மூங்கில் மேடை கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பெரிதும் குறைந்திருக்கிறது. மூங்கிலும் குளமும் நம்மிடம் இல்லையா?

அரசை நாம் கேட்கிறோம்: ஒன்றியந்தோறும் நீச்சல் பயிற்சி கொடு, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரைப் போடு. வெளியூர் போகும் பள்ளி அணிக்கு வண்டியும் போதிய துணையாட்களும் கொடு. கதவணை, படித்துறைகளில் எச்சரிக்கைப் பலகையோடு நில்லாதே, ஆளையும் நிறுத்து, கயிறும் மிதவையும் வை.

தோழர்களையும் கேட்கிறோம். உங்கள் ஊரில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? கண்மாய் நிறையும் காலத்தில், பெரியவர்கள் கரையில் காவல் நிற்க, கயிறும் டியூபும் கையில் இருக்க, பத்துப் பிள்ளைகளுக்கேனும் பழக்குங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும். ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். கூச்சல் போட்டு ஆள் கூப்பிட வேண்டும். கரையில் நின்றே கம்பை நீட்ட வேண்டும். வேட்டியை, சேலையை முடிந்து வீச வேண்டும். காலிக் குடத்தை எறிய வேண்டும். ஒரு சாவு நான்காகாமல் தடுப்பது இந்தச் சின்ன அறிவுதான்.

கால்பந்தில் ஒரு விதி உண்டு. ஏட்டில் எழுதாத விதி. ஓர் ஆட்டக்காரி விழுந்தால், அவள் நின்ற இடம் காலியாகக் கிடக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவள் ஓடி வந்து அதைக் காக்க வேண்டும். பிலிப்பட்டியின் நால்வர் நின்ற இடம் காலியாக இருக்கிறது. அதைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

நாளை உங்கள் மகள் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், தடுக்காதீர்கள். முதலில் அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். பிறகு ஆட அனுப்புங்கள்.