பாஸ்புக்கில் தொலையும் டீக்காசு

வீட்டுச் செலவு எங்கே போகிறது என்று அறிய எளிய வழி, காசு கைவிட்டுப் போன அன்றே அதை எழுதிவைப்பது. வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் கணக்கு முறையில் இப்படி எழுதும் ஏட்டுக்குச் சிட்டை என்று பெயர். அன்றன்றைய வரவு செலவு நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். பிறகு பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரியும். கடைசியில் ஐந்தொகை போட்டுச் சரிபார்ப்பார்கள். வட்டிக்கடைக்கு மூன்றும் வேண்டும். குடும்பத்துக்குச் சிட்டை ஒன்றே போதும்.

அந்தச் சிட்டையைத்தான் இன்றைய பணப் பரிமாற்ற முறை கலைத்துக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட்டில் ஒரு தொகையை மொத்தமாக ஏற்றிக்கொண்டு, பின் எண் இல்லாமலே சில்லறைச் செலவுகளைச் செய்யலாம். வங்கிக் கணக்கு அறிக்கையில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக நிற்கும். அதிலிருந்து போன டீ, கீரைக்கட்டு, ஷேர் ஆட்டோ எதற்கும் அங்கே தடயம் இராது. செயலிக்குள் போய்த் தேட வேண்டும். முதலில் ஒரு முறைக்கு 200 ரூபாய் என்றிருந்த வரம்பு, 2024 டிசம்பரில் 1,000 ஆனது. மொத்த இருப்பு 5,000 வரை போகலாம். ஆயிரம் ரூபாயைச் சில்லறை என்று எந்த நடுத்தர வீடும் சொல்லாது. போதாக்குறைக்கு, பெரிய தனியார் வங்கி ஒன்று 2024 ஜூன் முதல் 100 ரூபாய்க்குக் குறைவான யுபிஐ செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

சிறு தொகைகள்தான் முதலில் மறந்துபோகின்றன. இது அரசுக்கே தெரியும். குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் காய்கறி, மீன், முட்டை, எண்ணெய், டீ, தின்பண்டம் ஆகியவற்றுக்குக் கடைசி 7 நாள் செலவைத்தான் கேட்கிறார்கள். அரிசிக்கும் வாடகைக்கும் 30 நாள். துணிமணிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் 365 நாள். எத்தனை நாள் கணக்கைக் கேட்பது என்பது அற்ப விஷயமல்ல. 1999-2000 கணக்கெடுப்பில் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதைப் பாதித்தது. நாட்டின் வறுமை குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் வீடு தேடி வந்து கேட்கும்போதே நினைவு இப்படிக் காலை வாருகிறது. மாதக் கடைசியில் கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசிப்பவருக்கு என்ன நினைவுக்கு வரும்?

2023-24 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் தலைக்கு மாதச் செலவு 8,165 ரூபாய். ஒருவர் யுபிஐ லைட் வழியாக நாளைக்கு 60 ரூபாயை டீ, வடை, ஆட்டோ என்று விட்டால் மாதத்துக்கு 1,800. அந்தச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், பாஸ்புக்கில் பெயரில்லாத செலவு.

செலவுக் கணக்குச் செயலிகள் இதைச் சரிசெய்துவிடும் என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு. மளிகைக் கடைக்கு 340 ரூபாய் போனதைச் செயலி அறியும். அது துவரம்பருப்பா, குளிர்பானமும் சிப்ஸுமா என்பதை அறியாது. ரொக்கமாகக் கொடுத்ததும் அதற்குத் தெரியாது. சில்லறைச் செலவுகளையும் வரிவரியாகக் காட்டினால் கணக்கு அறிக்கை நிரம்பி வழியும் என்ற வாதமும் நிற்காது. அறிக்கை வாடிக்கையாளருக்கு உரியது. அதில் எது முக்கியம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பொருள், தொகை என்று மூன்று பத்தி. “12ஆம் தேதி, வாழைப்பழம், 30” என்பதற்குமேல் எழுத வேண்டாம். படுக்கப்போகும் முன், ஐந்து நிமிடம். அரிசி, பால், வைத்தியம் என்று இனம் பிரிப்பதை மாதக் கடைசிக்கு விட்டுவிடலாம். பலர் முதல் நாளே இருபது தலைப்பு போட்டு, மூன்றாம் நாள் நோட்டை மூடுகிறார்கள். எழுதும் கை செலவைக் குறைக்கவும் உதவலாம்.

வீட்டில் நோட்டு இருந்தாலும், வங்கியும் தன் பங்கைச் செய்ய வேண்டும். யுபிஐ லைட்டின் ஒவ்வொரு செலவும், ஐந்து ரூபாயானாலும், கடைப் பெயரோடு வங்கி அறிக்கையில் தமிழிலும் வர வேண்டும். ரிசர்வ் வங்கியும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயும் இதை உடனே கட்டாயமாக்க வேண்டும்.