தோல் பதனிடும் தொழிலும் நிலத்தடி நீரும்



சூழல் மாசடைதல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களிற் பலர் புகை, தூசு, இரைச்சல் என்று தொடங்கி, மரம் நடுவோம் என்று முடித்துவிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக ஒரேயொரு தொழிலை எடுத்து, அது எந்தப் படியில் எதைக் கெடுக்கிறது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் காலிலுள்ள தோற் சப்பாத்து அதற்கு நல்ல உதாரணம்.

தமிழ்நாட்டின் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றவை. அங்கு கிணறுகளும் வயல்களும் பாழானதால் வேலூர் மக்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்ச்செய்கைக்கு உதவாமற் போனதென்ற ஆய்வுத் தகவல் அத்தீர்ப்பில் உள்ளது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்த அழிவுக்குக் காரணம் என்ன? குரோமியம் என்று உடனே சொல்வீர்கள். அது சரிதான். பதனிடும்போது தோல் உறிஞ்சாத குரோமிய உப்பு கழிவுநீரோடு போகிறது. ஆனால் பலரும் மறந்துவிடுவது சாதாரண கறியுப்பை. உரித்த தோல் அழுகாதிருக்க அதில் உப்பை அள்ளிப் பூசுகிறார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அவ்வளவும் நீரிற் கரைகிறது. கரைந்த உப்பு சாதாரண சுத்திகரிப்பில் நீங்காது. உப்பளங்களுள்ள மன்னாரில் வாழும் நமக்கு, உவர் ஏறிய கிணறு எதற்கு உதவும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியமடுவில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினாற் போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நீரிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு சேறாக எங்கோ ஓரிடத்திற் கிடக்கத்தானே வேண்டும்? 2015 ஜனவரி 31 இல் இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் இறந்தனர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த ஏழைகளே அவர்களிற் பெரும்பாலோர்.

ஆகவே தடுப்பு முதற்படியிலேயே தொடங்கவேண்டும். ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பை அகற்றலாம். உரித்தவுடன் குளிரூட்டி வைத்தால் உப்பின் தேவையே குறையும். எஞ்சிய குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரின்றியே குரோமியப் பதனிடும் முறையொன்றை உருவாக்கியுள்ளது. ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களாற் பதனிடலாமே என்று கேட்பீர்கள். அதன் கழிவுநீரும் சுத்திகரிக்கப்படவேண்டியதே.

தொழிற்சாலைகளை மூடிவிட்டால் தொழிலாளரின் அடுப்பும் அணைந்துவிடும். நான் கேட்பது மூடலை அல்ல; சப்பாத்தின் விலையில் நீரின் விலையும் சேரவேண்டும் என்பதையே. இன்று அந்த விலையைக் கொடுப்பவர் சப்பாத்து வாங்குபவர் அல்லர், கிணற்றை இழந்த விவசாயி. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் அறவிடுமாறு உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன.