உடல்வாகா, தூசியா?

ஒரே ஆலையில் இருவர் இருபது ஆண்டுகள் அருகருகே நின்று உழைக்கின்றனர். ஒருவர் நலமாக ஓய்வு பெறுகிறார். மற்றவரோ நான்கு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து அமர்ந்துவிடுகிறார். "அவருடைய உடல்வாகு அப்படி" என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் பாதியே உண்டு. மறுபாதியை அறிய, பெரிலியம் என்னும் உலோகத்தின் வரலாறு நமக்குத் துணைபுரியும்.

எடை குறைந்ததும் உறுதி மிக்கதுமான இவ்வுலோகம் அணுத்துறையிலும் விண்கலங்களிலும் பயன்படுகிறது. ஒரு காலத்தில் குழல் விளக்குகளின் உட்பூச்சிலும் இதன் கலப்பு இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் சேலம் என்றொரு நகர் உண்டு. அங்கு விளக்குத் தொழிற்சாலையில் பணிபுரிந்தோர், பெரும்பாலும் இளம் பெண்கள், இருமலாலும் மூச்சுத்திணறலாலும் நலிந்தனர். அவர்களுள் 17 பேரின் நிலையை ஆராய்ந்து ஹாரியட் ஹார்டி என்னும் பெண் மருத்துவர் 1946இல் சக மருத்துவர் ஒருவருடன் அறிக்கை வெளியிட்டார். 1949இல் விளக்குத் தயாரிப்பில் பெரிலியம் கைவிடப்பட்டது.

ஒகாயோ மாநிலத்தின் லொரெய்ன் நகரில் நேர்ந்ததோ இன்னும் நெஞ்சை உறுத்துவது. அங்கிருந்த பெரிலியம் ஆலையில் ஒருநாளும் வேலை செய்யாத அண்டை வீட்டாரையும் அந்நோய் பற்றியது. தொழிலாளியின் ஆடையில் ஒட்டி வீட்டுக்குள் வந்த தூசி, அதைத் துவைத்த இல்லத்தரசியையும் விடவில்லை.

ஆயினும் தூசியைச் சுவாசித்தவர் அனைவரும் நோயுறவில்லை, சிறுபான்மையினரே நோயுற்றனர். காரணம் யாது? 1993இல் ஒரு விடை கிடைத்தது. நம் உடலின் காவல் அணுக்கள், அந்நியப் பொருளை அடையாளம் காட்டுவதற்கென ஒருவகைப் புரதத்தைத் தாங்கியுள்ளன. சிலருக்கு அப்புரதத்தின் 69ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் அமையும்படி மரபணு இருக்கிறது. அவ்வமைப்பில் பெரிலியம் எளிதில் பற்றிக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் அதைப் பகையெனக் கருதித் திரள, நுரையீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றி, நாளடைவில் தழும்பாகின்றன. அவ்வாய்வில் நோயாளிகளுள் நூற்றுக்கு 97 பேரிடம் இம்மரபணு காணப்பட்டது.

அப்படியாயின், மரபணுவைச் சோதித்து ஆள் எடுத்தால் போதுமே என்று தோன்றலாம். சற்றே பொறுங்கள். அதே ஆய்வில், தூசிக்கு உட்பட்டும் நோயுறாதவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேரிடமும் இதே மரபணு இருந்தது. இம்மரபணு இன்றியே நோயுற்றோரும் உளர். ஆகவே சோதனையை மட்டும் நம்பினால், நோயே வராத பலர் பிழைப்பை இழப்பர். வேறு சிலரோ பாதுகாப்பு உண்டென்று எண்ணி ஏமாறுவர். பெரிலியமே இல்லாத காற்றைச் சுவாசிப்பவருக்கு இம்மரபணுவினால் இந்நோய் வருவதில்லை என்பதே தலையாய உண்மை. தீக்குச்சி உரசாத வைக்கோல் தானே எரிவதில்லை அன்றோ!

பணியாளரைத் தேர்வதற்கு மரபணுச் செய்தியைப் பயன்படுத்தலாகாது என 2008இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2017இல் வெளியான விதி, பணியிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்றிருந்த பெரிலிய வரம்பை 0.2 ஆகக் குறைத்தது. மனிதனைச் சலித்தெடுப்பதைவிடக் காற்றைத் தூய்மையாக்குவதே நீதி.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடம் உண்டு. எத்தொழிலின் தூசியாயினும், வேலை உடையைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்க்காதிருப்போம். நெடுநாள் இருமலோடு மருத்துவரிடம் செல்பவர், பல ஆண்டுகளுக்கு முன் விட்ட வேலையையும் மறவாது கூறட்டும்; பெரிலிய நோய் வேலையை விட்டுப் பல்லாண்டுகள் கழித்தும் தலைகாட்டக் கூடியது. தூசியை உறிஞ்சும் கருவியும் தகுந்த முகக்கவசமும் கேட்பது சலுகை கோருவதன்று, உழைப்பவரின் உரிமை. பெற்றோர் தந்த உடலை நாம் மாற்ற இயலாது. அவ்வுடல் உள்ளிழுக்கும் காற்றை மாற்ற இயலும், மாற்றவும் வேண்டும்.