வயர் வரலைன்னா பலத்தைக் காட்டாதீங்க!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் தென்னையோடு சேர்ந்து மின்கம்பங்களும் சாய்ந்தன. பாதித்த மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள். பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வயரை மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று யாருக்குத்தான் தோன்றாது?

மறைத்துக் கொண்டுபோவது நல்லதுதான். ஆனால் மறைத்த பிறகு உள்ளே என்ன ஆகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெருவில் புதைக்கும் கேபிளுக்கும் இது பொருந்தும், நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயருக்கும் பொருந்தும். அந்தக் காலத்துக் கட்டை வயரிங்கில் ஒரு வயர் கெட்டால் நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது எல்லாம் காடி வெட்டி, பைப் பதித்து, பூசி மெழுகிவிடுகிறோம்.

பைப்புக்குள் வயர் எப்படிப் போகிறது? முதலில் ஒரு கம்பியோ, ஃபிஷ் டேப் எனப்படும் சுருள் பட்டையோ உள்ளே போகும். மறுமுனையில் எட்டிப் பார்த்ததும் அதில் வயர்களைக் கட்டி, ஒருவர் இங்கே தள்ள, ஒருவர் அங்கே இழுப்பார். சிலர் நூலில் பிளாஸ்டிக் பை துண்டைக் கட்டி, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். வேடிக்கையாக இருக்கும், வேலையும் நடக்கும்.

இப்போது பேட்டரியில் ஓடும் இழுவைக் கருவிகளும் வந்துவிட்டன. பெரிய கேபிள் என்றால் வின்ச், உருளைகள், கேபிள் முனையைக் கவ்விப் பிடிக்கும் கம்பி வலை உறை, இழுவிசையைக் காட்டும் மீட்டர் எல்லாம் வரும். இவற்றில் முக்கியமானது வின்ச் அல்ல, அந்த மீட்டர்தான். எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. செம்பு வயருக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 5 கிலோ, அலுமினியத்துக்கு 3 கிலோ. வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயர் மூன்றைச் சேர்த்து இழுத்தால் கணக்கு 22.5 கிலோதான். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் குறைவு! கைப்பலம் உள்ள இருவர் சேர்ந்தாலே இதைத் தாண்டிவிடலாம். மெஷினுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, வயர் ஏன் வர மறுக்கிறது? பெரும்பாலும் வளைவுகள்தான் காரணம். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கு மாடு கொண்டுவருகிறவரைக் கேட்டுப் பாருங்கள். கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால், துள்ளுகிற காளையைச் சின்னப் பையன்கூடப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே நமக்கு உதவும் உராய்வு, பைப்புக்குள் நமக்கு எதிரி. உராய்வு கொஞ்சம் அதிகமுள்ள பைப்பில் 90 டிகிரி வளைவு ஒன்று வந்தால் இழுவை சுமார் இரண்டு மடங்காகும். இரண்டு வளைவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நான்கு வளைவுக்கு? எட்டோ பத்தோ இல்லை, சுமார் 23 மடங்கு! 2 கிலோவில் தொடங்கியது 46 கிலோவில் நிற்கும். அமெரிக்க மின் விதிகளில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மொத்த வளைவு 360 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். மூன்று அல்லது அதற்கு மேல் வயர் போனால், பைப்பின் உள்பரப்பில் 40 சதவிகிதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்பதும் அங்கே விதி.

நம் ஊரில் நடப்பது வேறு. ஏற்கெனவே நிறைந்த பைப்பில், ஏ.சி.க்கு என்று பிறகு ஒரு வயரை இழுப்பார்கள். புது வயர் பழைய வயர் மேல் உரசி, ரம்பம் மாதிரி அதன் தோலை அறுக்கும். இன்னொன்று இதைவிட மோசம். இடம் இல்லை என்று பச்சை நிற எர்த் வயரை விட்டுவிடுவது. லைட் எரியும், ஃபேன் ஓடும், யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் சுவர் ஊறும்போதுதான் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பிக்கும். உடனே அதைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஷாக் அடிக்கும்போது உயிரைக் காக்க இருக்கும் ஒரே காவலாளியை வேலையை விட்டு அனுப்புவது போன்றது அது.

வீடு கட்டுகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். இரண்டு வளைவுக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கேளுங்கள். சட்டென்று மடங்கும் எல்போவுக்குப் பதில் அகலமான பெண்ட் போடச் சொல்லுங்கள். ஒரு பைப்பில் போகவேண்டிய வயர்கள் எல்லாம், எர்த்தோடு சேர்த்து, ஒரே தடவையில் போகட்டும். வழுக்குவதற்கு டால்க் பவுடரோ வயருக்கென்றே விற்கும் ஜெல்லோ போதும். கிரீஸ் வேண்டாம், வயரின் பி.வி.சி. தோலைக் கெடுத்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு, சிக்கிய இடத்தில் ஒரு பெட்டியைத் திறப்பதுதான் வழி. சுவரை உடைக்க மனம் வராதுதான். பெயின்ட் அடித்த பிறகு உடைக்க இன்னும் வராது.

வயர் இழுத்து முடிந்ததும், சுவிட்ச், விளக்கு எதுவும் மாட்டுவதற்கு முன் மெக்கர் டெஸ்ட் கேளுங்கள். 500 வோல்ட்டில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஆணி அடிக்கும் நாள் எப்படியும் வரும். அதனால் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு சுவரையும், டேப்பை நீட்டிப் பிடித்தபடி, பைப் எங்கே ஓடுகிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள்.