காட்பாடியில் இறங்குகிறவரிடம் யார் சொல்வது?

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். ஆறு மாதமாக அந்த வீட்டுக்கு ஓர் ஆள் வந்து போகிறாராம். ராத்திரி பின்வாசலில் நிற்கும் பைக்கை இவர் பலமுறை பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் கணவர் லீவில் வருகிறார். ‘அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய மனிதர். சொல்லட்டுமா, வாயை மூடிக்கொண்டு இருக்கட்டுமா?’ என்று கேட்கிறார். கடைசி வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்.

வேலூர் மாவட்டத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ஃபீல்டு போஸ்டிங் என்றால் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. மீதி ஒன்பது மாதமும் மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் ஃபீஸ், தண்ணீர்க் குடம் என்று எல்லாம் ஒருத்தி தலையில். ஹிம்சாகர் ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்து, பெயரும் நம்பரும் எழுதிய டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் இறங்குகிறவருக்கும் அந்த ஒன்பது மாதம் சுலபமாகக் கழிவதில்லை.

சட்டமும் இந்த வீடுகளை வேறு மாதிரிதான் பார்க்கிறது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை ரத்து செய்ததோடு, பிறன்மனை உறவு குற்றம் என்பது போயிற்று. ஆனால் சீருடைக்காரர்களை அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. அவர்கள் மீது ராணுவச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வந்து போகிறவரும் படைவீரராக இருந்தால் அவர் வேலையே போகலாம். அந்தப் பெண்ணுக்கு ராணுவச் சட்டம் பொருந்தாது. அவளைத் தெரு விசாரிக்கும், தெருவே தீர்ப்பும் சொல்லும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. போன இடத்தில் ஒரு ஜவான் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டால், பாரக்கில் கூடப் படுத்து எழுந்த பத்துப் பேருக்காவது தெரியும். ஊருக்கு ஒரு வார்த்தை வராது. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்! மனைவி கதவைத் திறந்தால் மட்டும் மறுநாளே எல்லை வரை போன் போகிறது. அப்படி ஏமாற்றப்பட்ட மனைவியிடம்தான் யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும். குடும்ப விவரம் பதிவாகும் பார்ட் டூ ஆர்டரில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும்; நாளைய குடும்ப ஓய்வூதியம் அதைப் பொறுத்தது. அவளைக் கைவிட்டவரின் சம்பளத்திலிருந்து ஜீவனாம்சம் பிடித்துத் தர ராணுவச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். இதெல்லாம் தெரியாமலே எத்தனை பேர் வயதாகிப் போகிறார்கள்.

சகோதரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். கையில் துப்பாக்கியோடு ராத்திரி டியூட்டி நிற்கிறவர் அவர். அழக்கூட அங்கே இடம் கிடையாது. படைவீரர்களின் தற்கொலைக்குக் குடும்பப் பிரச்னையும் ஒரு காரணம் என்று பாதுகாப்பு அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 

முதலில் எதிர்வீட்டுக்குப் போங்கள். பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு. ‘பைக்கைப் பார்த்தேன், எதுவும் கஷ்டமா?’ என்று அவளையே கேளுங்கள். வருகிறவன் கடன் கொடுத்தவனாக இருக்கலாம், மிரட்டுகிறவனாகவும் இருக்கலாம். அவள் விரும்பித்தான் கதவைத் திறக்கிறாளா என்பதே நமக்குத் தெரியாது. மிரட்டல் என்றால் அவள் பக்கம் நில்லுங்கள். விருப்பம் என்றால், கணவரிடம் அவளே சொல்லட்டும், லீவு முடியும்வரை நேரம் கொடுங்கள்.

அதற்கு முன்பே அவள் கணவர் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ‘நீ இன்னாம்மா பாத்தே?’ என்று கேட்டால், பொய் சொல்லாதீர்கள். பைக் நின்றதைச் சொல்லுங்கள். பைக் வரைக்கும் மட்டும்.